ஏழுக்குக் கீழே

என் மனைவிக்கு அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பூக்கை என்று பெயர். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆளாக இருக்கட்டும், தடவித் தடவிப் பார்த்தாலும் நரம்பு தட்டுப்படாத ஆளாக இருக்கட்டும், இவளிடம் கையை நீட்டினால், “முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து போவார்கள். ஊர்ப்பட்ட கைகளைப் பிடித்திருக்கிறாள். என் கையைப் பிடிக்கத்தான் அவளுக்கு நேரம் இருந்ததில்லை. மனத்தாங்கலோடுதான் இதைச் சொல்கிறேன். மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு நாசூக்காகப் பேச எனக்கு வராது.

நான் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் நடுவழியில் மாட்டிக்கொண்ட பெட்டிகளை மேலேயோ கீழேயோ கொண்டுவந்து சேர்ப்பது என் பிழைப்பு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம். ஆனால் வீட்டில் ஒரு குழந்தை இருந்தது, எழுபது வயதை நெருங்கிய குழந்தை. என் மாமியார்.

மாமனார் காலமான பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டார். வீடு என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சமையலறை. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிட்டால் யார் பார்ப்பது என்று சொல்லி என் மனைவி அம்மாவோடு கட்டிலில் படுத்தாள். என்னை ஹாலுக்கு அனுப்பினாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் அனுப்பினாள். வருஷங்கள் ஓடிவிட்டன. சோபாவில் என் இடுப்பு அச்சாக விழுந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அந்தப் பள்ளத்துக்குள் சறுக்கிக்கொண்டு வந்து சேருகிற நிலைமை ஆகிவிட்டது.

காலையில் எழுந்ததும் முதல் வேலை அத்தையின் விரல். தினம் ஒரு விரல், முறை வைத்து. ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சின்ன மெஷினில் ஒரு எண். அந்த எண்தான் அன்றைக்கு எங்கள் வீட்டின் வானிலை. எண் நன்றாக இருந்தால் எனக்கு டீயில் சர்க்கரை கிடைக்கும். ஏறியிருந்தால் எனக்கும் கிடைக்காது. எனக்கு என்ன வியாதியா என்று ஒரு தடவை கேட்டேன். “அம்மா முன்னாடி இனிப்பா குடிக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?” என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அத்தையை இன்னொருவர் கவனித்தால் அவளுக்குப் பொறுக்காது. மாத்திரை தீர்ந்துபோய் நான் வாங்கி வந்தால், மருந்துக் கடையில் சரியாகத்தான் கொடுத்தார்களா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எதிர்வீட்டு அம்மா ஒரு பிஸ்கட் நீட்டினால் அன்றோடு அந்த வீட்டுப் பேச்சு அறுந்தது. டாக்டரிடம் போனால் இன்னும் வேடிக்கை. “எப்படி இருக்கீங்கம்மா?” என்று டாக்டர் அத்தையைத்தான் கேட்பார். “நேத்து ராத்திரி கொஞ்சம் கால் மரத்துப்போச்சு டாக்டர்” என்று இவள் சொல்வாள். மரத்தது யார் கால் என்று டாக்டருக்கே சந்தேகம் வரும். அத்தை வாயைத் திறந்து மூடிக்கொள்வார்.

இந்த ராஜ்ஜியத்துக்குள்தான் சின்னவள் வந்தாள்.

சின்னவள் என்றால் என் மனைவியின் தங்கை. கட்டடங்களில் மின்கம்பி எந்தச் சுவருக்குள் ஓட வேண்டும் என்று வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. கல்யாணமே வேண்டாம் என்று ஒரே பிடியாக இருந்துவிட்டவள். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய் அத்தையின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள். “தலையில எண்ணெய் இல்ல, மூஞ்சியில களை இல்ல, என்னத்தைத் தின்னு தொலைக்கிறியோ” என்று அத்தை திட்டுவார். திட்டிக்கொண்டே சிரிப்பார். அந்தச் சிரிப்பை மற்ற நாட்களில் நான் பார்த்ததில்லை. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். என் மனைவியின் வயிறு எரிகிற சத்தம் அது.

அன்றைக்கும் மடியில் படுத்துக்கொண்டுதான் சொன்னாள்.

“அக்கா, எனக்கு வெளிநாட்டு ஆபீசுக்கு மாத்தல் வந்திருக்கு.”

“நல்லதுதானே. போயிட்டு வா.”

“அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்.”

பாத்திரச் சத்தம் நின்றது.

“ஊர் சுத்திக் காட்டவா?” என்று கேட்டுக்கொண்டே என் மனைவி ஈரக் கையோடு வந்தாள்.

“இல்லக்கா. என்கூடவே இருக்க. தனியாளா போறவங்க பெத்தவங்கள்ல ஒருத்தரைச் சேத்துக்கலாம்னு கம்பெனியில சொல்றாங்க. மருத்துவக் காப்பீடும் அவங்களே எடுத்துத் தருவாங்க.”

“அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, ஞாபகம் இருக்குல்ல? எந்தக் காப்பீட்டுக்காரன் சேத்துக்குவான்?” என்றாள் என் மனைவி. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அம்மாவின் வியாதி தன்னைக் கைவிடாது என்று அவ்வளவு நம்பிக்கை.

“கேட்டுட்டேன்க்கா. மூணு மாசச் சராசரி ஏழுக்குக் கீழே இருந்தா சேத்துக்குவாங்களாம். நான் முன்னாடி போயிடறேன். மூணு மாசம் கழிச்சு அவங்க சொல்ற ஆஸ்பத்திரியில அம்மா ரத்தம் கொடுத்தா போதும். ஏழைத் தாண்டிச்சுன்னா சர்க்கரைக்கும் சரி, அதனால வர்ற எதுக்கும் சரி, பைசா தரமாட்டாங்க. அந்த ஊர்ல காப்பீடு இல்லாம ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில படுத்தா நான் தெருவுக்கு வந்துடுவேன். அதனால ஏழுக்குக் கீழே வந்தாத்தான் அம்மா வர முடியும்.”

காலையில் விரலில் குத்திப் பார்ப்பது அன்றைய நிலவரம் மட்டும்தான். சராசரி என்பது வேறு. மூன்று மாதமாக என்ன தின்றோம், எவ்வளவு அசைந்தோம் என்பதையெல்லாம் ரத்தம் ஞாபகம் வைத்துக்கொண்டு சொல்லிவிடும். முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. அத்தைக்கு அப்போது அது எட்டை ஒட்டி நின்றது. எனக்கு எதுவும் மாடிக் கணக்கில்தான் புரியும். பெட்டி எட்டாவது மாடியில் நிற்கிறது, ஆறுக்கு இறக்க வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றியது.

“நீ என்னம்மா சொல்றே?” என்று என் மனைவி கேட்டாள்.

அத்தை பெரியவளைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். “ஏழுக்குக் கீழே வரட்டும், பாக்கலாம்” என்றார்.

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன்.

சின்னவள் போனதும் என் மனைவி சோபாவில் வந்து உட்கார்ந்தாள். பள்ளத்தில் சறுக்கி என் மேல் சாய்ந்தாள். வேண்டுமென்று சாயவில்லை என்பது தெரிந்தும் நான் நகரவில்லை.

“என்னங்க, ஏழுக்குக் கீழே வந்தா அம்மா போயிடுவாங்க.”

“ஆமா.”

“மேலே வந்தா இங்கேயே இருப்பாங்க. ஆனா மேலே வந்தா அவ என்ன சொல்லுவா தெரியுமா? இத்தனை வருஷமா நீ பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானான்னு கேப்பா. வாயால கேக்கமாட்டா, ஒரு பார்வை பாப்பா. லேப்ல வேற, ரத்தம் எடுக்கறவ வீட்டுச் சர்க்கரையே இப்படியான்னு பேசுவாங்க.”

“அப்ப என்ன பண்ணப்போறே?”

“என்ன பண்றதா? ஏழுக்குக் கீழே கொண்டுவருவேன். என்னை யாருன்னு நினைச்சீங்க?” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து பயண ஏற்பாடு முழுவதையும் அவளே தூக்கிப் போட்டுக்கொண்டாள். போகக்கூடாது என்று அழுகிறவள்தான் போவதற்கு வேண்டியதையெல்லாம் செய்தாள். வேறு யாராவது செய்து, அதில் ஒன்று குறைந்தால் அவளால் தாங்க முடியாது. இங்கே விற்கும் மாத்திரை அங்கே வேறு பெயரில் இருக்கும் என்று கேள்விப்பட்டு, ஒவ்வொன்றிலும் இருக்கும் மருந்தின் பெயரைப் போட்டு டாக்டரிடம் கடிதம் வாங்கினாள். அந்தக் காப்பீட்டில் பல் சேராது என்று தெரிந்ததும் அத்தையைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய், ஆடுகிற பல்லைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, வாயை வெள்ளையடித்த வீடு மாதிரி ஆக்கினாள். கண்ணாடி புதிதாக மாற்றினாள். தடுப்பூசிகள் போட்டு அதற்குச் சான்று வாங்கினாள். அங்கே போனதும் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், எதற்கும் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும் என்று சின்னவள் போனில் சொன்னாள். அந்த டாக்டர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, அவர் மேலும் இவளுக்குக் கோபம். “அவருக்கு என்ன தெரியும் எங்கம்மாவைப் பத்தி?” என்று கேரட்டை வெட்டிக்கொண்டே என்னைக் கேட்டாள். நான் என்ன அந்த டாக்டரின் வக்கீலா?

அத்தையை நடக்கவைக்க இவள் பட்ட பாடு முன்பே எனக்குத் தெரியும். முட்டி வலிக்கிறது, வெயில் அடிக்கிறது, தெருவில் நாய் இருக்கிறது என்று அத்தை தினம் ஒரு சாக்கு சொல்வார். இவள் ஆசை ஆசையாக வாங்கிவந்த ஷூ பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. சின்னவள் வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போன வாரம், வேலை சீக்கிரம் முடிந்து மாலையில் வீட்டுக்கு வந்தேன். மனைவிக்கு அப்போதெல்லாம் மாலை ஷிப்ட். கதவைத் திறந்தால் அத்தை அந்த ஷூவை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் துணைக்கு வரீங்களா? தெரு முனை வரைக்கும் போயிட்டு வரலாம். அவகிட்ட சொல்ல வேண்டாம்.”

போனோம். சலவைக் கடை, டயர் கடை, பஸ் டிப்போ வரைக்கும் போய்த் திரும்பினோம். மறுநாளும் போனோம். எனக்கு அத்தை போக வேண்டும், அத்தைக்கும் போக வேண்டும். கூட்டுக் களவாணிகள் மாதிரி அவள் வருவதற்குள் திரும்பிவந்து, ஷூவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். வழியெல்லாம் அத்தை பேசிக்கொண்டு வருவார். இவ்வளவு பேச்சு அவருக்குள் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. டயர் கடைக்காரன் பெண்டாட்டியோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஒரு நாள் டிப்போ சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

“ஏன் அத்தை இந்த வயசுல இவ்வளவு கஷ்டம்? இங்க உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்டேன். போகட்டும் என்று உள்ளே ஆசையை வைத்துக்கொண்டு வெளியே உபசாரத்துக்குக் கேட்ட கேள்விதான்.

“குறைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும் மாப்பிள்ளை. ராணி மாதிரி வெச்சிருக்கா. ஆனா காலையில எழுந்ததும் அவ என் மூஞ்சியைப் பாக்கறதில்ல, விரலைப் பாக்கறா. சின்னவகிட்ட போனா நான் சமைப்பேன். அவ உப்பு இல்லைம்பா, நான் திட்டுவேன். சளி பிடிச்சா தைலம் தேய்ச்சுவிடுவேன். நான் அம்மாவா இருந்து ரொம்ப நாளாச்சு. இங்க நான் நோயாளி.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவள் திருந்திவிடுவாள். திருந்திவிட்டால் அத்தை தங்கிவிடுவார். நான் சோபாவிலேயே சாக வேண்டியதுதான்.

காலை எண்கள் இறங்க ஆரம்பித்தன. “பாத்தீங்களா, வெந்தயத்தைக் கூட்டினேன், சோத்தைக் குறைச்சேன், எப்படி இறங்குது பாருங்க” என்று என்னிடம் மெஷினை நீட்டுவாள். பெருமை தாங்காது. அடுத்த நிமிஷம் அந்த எண்ணையே பகையாளியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். இறங்கினாலும் எரிச்சல், ஏறினாலும் எரிச்சல். எனக்கு டீயில் சர்க்கரை வருமா வராதா என்பதே குழப்பமாகிவிட்டது.

ஒரு நாள் லேபில் யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு கேக் துண்டைக் கொண்டுவந்தாள். தட்டில் வைத்து, ஸ்பூன் போட்டு, அத்தை முன்னால் வைத்தாள். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

“கொஞ்சம் சாப்பிடும்மா. ஒரு நாள்தானே.”

இந்த வீட்டில் பிஸ்கட்டை மறைத்துவைக்க அவள் படாத பாடு கிடையாது. அரிசி டின்னுக்குள் வைத்தாலும் அத்தை கண்டுபிடித்துத் தின்றுவிடுவார். அந்த அத்தை தட்டை விரல் நுனியால் நகர்த்தினார்.

“வேணாம்டி. டெஸ்ட் வருதில்ல.”

“ஒரு வாய்.”

“நீ சாப்பிடு.”

என் மனைவி நின்றபடியே அந்தக் கேக்கைத் தின்றாள். ருசித்துத் தின்னவில்லை, மென்று விழுங்கினாள். “எனக்காக ஒரு நாளாவது வாயைக் கட்டியிருக்கியாம்மா நீ?” என்று கேட்டாள். அத்தை டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் மாட்டிக்கொண்டோம். லேபில் கரண்ட் இல்லை என்று அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே டயர் கடை வாசலில் நானும் அத்தையும். அத்தை எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். காலில் ஷூ.

“என்கூட வாம்மான்னு கெஞ்சினப்போ முட்டி வலிக்குதுன்னியே?”

“இப்பவும் வலிக்குதுடி” என்றார் அத்தை.

“அப்புறம் எப்படி நடக்கறே?”

வீடு வரும் வரைக்கும் அவள் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அத்தை அறைக்குள் போனதும் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“உங்களுக்கு எங்கம்மா போகணும். அதானே?”

“ஆமா” என்றேன். எனக்கும் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “போகணும்தான். நானும் இந்த வீட்ல ஒரு ஆளுதான். நான் சாப்பிட்டேனா தூங்கினேனான்னு எப்பவாவது கேட்டிருக்கியா? உங்கம்மாவைப் பாத்தா எனக்கு எரியத்தான் எரியுது. உனக்கு மட்டும் எரியலையா? தங்கச்சியைப் பாத்து எரியறே, முன்னபின்ன தெரியாத ஒரு டாக்டரைப் பாத்து எரியறே.”

“அவங்க என்கூட நடக்கமாட்டாங்க, உங்ககூட நடப்பாங்களா? என்ன சொக்குப்பொடி போட்டீங்க?”

“நான் அவங்க விரலைப் பாக்கலை, மூஞ்சியைப் பாத்துப் பேசறேன்” என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. டிப்போ சுவரோரம் அத்தை சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். நோயாளி என்ற சொல் வரைக்கும்.

அவள் பதிலுக்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் மெஷினைக் கையில் எடுக்காமல் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தை கலவரமாகிவிட்டார்.

“என்னடி, மூஞ்சி வீங்கியிருக்கா?”

“இல்லம்மா.”

“கண்ணு மஞ்சளா இருக்கா?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் பாத்தேன்.”

“சும்மா எதுக்குப் பாக்கறே?” என்று கேட்டுவிட்டு அத்தை வழக்கம் போல விரலை நீட்டினார். அவள் குத்தினாள்.

டெஸ்டுக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். காப்பீட்டுக் கம்பெனி சொன்ன ஆஸ்பத்திரி. கூட வந்தவர்கள் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கதவருகே நின்ற ஒரு சின்னப் பெண் நீலக் கையுறை மாட்டிக்கொண்டு அத்தையை உள்ளே கூப்பிட்டாள்.

“இடது கையில எடும்மா. நரம்பு வழுக்கும், கொஞ்சம் கீழே தள்ளி விரல் வெச்சுப் பாரு” என்றாள் என் மனைவி.

“நாங்க பாத்துக்கறோம்மா. வெளியில உக்காருங்க.”

“நானும் இதே வேலைதான் பாக்கறேன்.”

“சரிம்மா. வெளியில உக்காருங்க.”

உட்கார்ந்தாள். உள்ளே அம்மாவின் கதறல் கேட்கும், தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். எனக்கு அவளைத் தெரியாதா? நாங்கள் நாற்காலியில் ஒழுங்காகச் சாய்வதற்குள் அத்தை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“குத்தினதே தெரியலடி. பேச்சுக் கொடுத்துக்கிட்டே எடுத்துட்டா. தங்கமான பொண்ணு.”

என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

“நான் குத்தினா தெரியுமா?”

“நீ குத்தறது விரல்லடி. அது வேற.”

“வலிக்குமா?”

அத்தை பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. மறுபடியும் வைத்து அழுத்திக்கொண்டார்.

“சொல்லும்மா. வலிக்குமா?”

“கொஞ்சம் அழுத்திடறே. மத்தவங்க கைன்னா உனக்குப் பயம் கிடையாது. எனக்குக் குத்தறப்போ பயந்துக்கிட்டே குத்தறே.”

“இத்தனை நாளா ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ கஷ்டப்படுவே” என்றார் அத்தை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

ஆறே முக்கால் என்று வந்தது. லேபில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். சின்னவளுக்குப் போன் போட்டவளும் இவள்தான். “ஆறே முக்கால். நான்தான் கொண்டுவந்தேன்” என்றாள். அந்தப் பக்கம் சின்னவள் ஓவென்று அழுதது எனக்கே கேட்டது. “நீதாங்க்கா, நீதான்” என்றாள். போனை வைத்துவிட்டு இவள், தன் கடையைத் தானே தீ வைத்துக் கொளுத்தியவள் மாதிரி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். டயர் கடை, டிப்போ, ஷூ என்று எதையும் நான் நினைவுபடுத்தவில்லை. அந்த ஆறே முக்கால் பெருமை முழுவதையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தேன்.

சின்னவள் வந்து அத்தையை அழைத்துப் போனாள். மருந்துப் பை பெட்டியோடு போகக்கூடாது, கையிலேயே இருக்க வேண்டும், டாக்டர் கடிதம் மேலாகவே இருக்க வேண்டும் என்று இவள் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். எந்த நாளுக்கு எந்த விரல் என்று சொல்ல ஆரம்பித்தபோது அத்தை குறுக்கிட்டார். “அதெல்லாம் நானே குத்திக்கிறேன்டி. பாத்துப் பாத்து எனக்கே வந்துடுச்சு.” மெஷினை வாங்கி எங்கள் முன்னாலேயே சுருக்கென்று குத்திக் காட்டினார். கை ஆடவே இல்லை. என் மனைவி பஞ்சை எடுத்து நீட்டினாள். அத்தை அதற்குள் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டார்.

கட்டில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அத்தை படுத்த பக்கத்தில் நான் படுத்தேன். அங்கே தைல வாசனை அடித்தது. அவள் திரும்பவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். பழகிய பள்ளம் இல்லாமல் எனக்குத் தூக்கமும் வரவில்லை.

காலையில் எழுந்ததும் போனைத்தான் எடுப்பாள். “எவ்வளவும்மா?” அத்தை எண்ணைச் சொல்வார். “சாப்பிட்டதுக்கு அப்புறம்?” அதையும் சொல்வார். அதற்கு மேல் இரண்டு பக்கமும் பேச்சு இருக்காது. சின்னவள் நடுவில் புகுந்து, அம்மா இன்றைக்கு இன்னது சமைத்தார், என்னோடு சண்டை போட்டார், பக்கத்து வீட்டுக்காரியோடு பாஷை தெரியாமலே அரை மணி நேரம் பேசினார் என்று அளப்பாள். இவள் உம் கொட்டுவாள். போனை வைத்ததும் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவாள். அத்தை போனால் நமக்கென்று நேரம் வரும் என்று நினைத்தேன். நேரம் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் போனில் வீடியோ போட்டாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

“எவ்வளவும்மா?”

“இன்னும் பாக்கலை. உன் குரல் ஏன் இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. மெஷினை எடுத்துப் பாரு.”

“சளி பிடிச்சிருக்கா? எத்தனை நாளா?”

“ரெண்டு மூணு நாளா. நீ முதல்ல உன் விரலை...”

“என் விரல் எங்கேயும் ஓடிப்போகாது. நீ அந்த ஜன்னல்கிட்ட வா. வெளிச்சத்துல வா. கண்ணெல்லாம் செவந்திருக்கு. ராத்திரி தூங்கலையா நீ? எங்க, நாக்கை நீட்டு.”

“அம்மா, சும்மா இரும்மா. நான் லேபுக்குக் கிளம்பணும்.”

“நீட்டுடி.”

அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்து, வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். நாள் முழுவதும் ஊரார் கையைப் பிடித்து ரத்தம் எடுக்கிறவள், டாக்டரிடம் அம்மாவுக்குப் பதிலாகப் பேசியவள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இன்னும் நல்லா” என்றார் அத்தை போனுக்குள்ளிருந்து. அவள் இன்னும் நீட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

மூன்று நாளாக அவள் மூக்கை உறிஞ்சியதை நானும் கேட்டேன். இன்றைக்கு டூட்டி உண்டா இல்லையா என்றுதான் கேட்டேன், வேறு எதுவும் கேட்கவில்லை. கடல் தாண்டிப் போயும் இந்த அத்தை என்னை முந்திவிட்டார். டீயை எடுத்துக்கொண்டு அவள் அருகில் போனேன். சர்க்கரை போட்டிருந்தேன், அவளுக்கும் சேர்த்து.

நாக்கை உள்ளே இழுக்காமலே, கையை அசைத்து என்னைத் தள்ளிப்போகச் சொன்னாள். நான் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறேனாம்.